பரணில் நடை நின்ற வீடு

பழைய மரவீடுகளைப் பரிசோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். ஒரு வீட்டில் இருப்பவர்களை உடனே வெளியே போகச் சொல்ல எவ்வளவு ஆதாரம் வேண்டும்? சுவர் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும்? வெடிப்பு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? அதற்கான அளவுகள் உங்கள் கைநூல்களில் உண்டு. நான் அவற்றைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. அளவெடுக்க எதுவுமே இல்லாதிருந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். வெடிப்பில்லை, சாய்வில்லை, ஒழுக்கில்லை. நான் போனபோது அந்த வீட்டில் கண்ட ஒரே குறை, அங்கே கேட்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லை என்பதுதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய குளிர்காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெனிற்றா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தகப்பன் மன்னார் ஆட்கள். புருசெத்தில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்தார்கள். தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு ஒன்றாகப் போய்வருவோம். அவள் ஒரு நோர்வேக்காரனைக் கலியாணம் செய்து, லில்லெஸ்ட்ரோம் தாண்டிக் கணவனின் குடும்பப் பண்ணை வீட்டுக்குப் போய்விட்டாள். கணவனுக்குக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. மறுநாள் காலைதான் வருகிறான். அதே நாளில் அவர்களுடைய குழந்தைக்கு ஞானஸ்நானம்.

"அன்ரி, இது உங்கட வேலை விசயமோ எண்டு தெரியேல்லை," என்று தொடங்கினாள். "பெரிய அறையிலை சுவரோடை சேர்த்துக் கட்டின அலுமாரி ஒண்டு இருக்கு. அது திறக்குதில்லை. பிள்ளையின்ரை ஞானஸ்நானச் சட்டை அதுக்குள்ளைதான் கிடக்கு. இவையின்ரை பரம்பரைச் சட்டை. தச்சர் வந்து நிக்கிறார், கதவை உடைச்சு எடுத்துத் தாறன் எண்டு. மாமா உடைக்க விடுறாரில்லை."

"ஏன் விடுறாரில்லை?"

அவள் குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்கை ஆரோ நிக்கிறாராம்," என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் பழைய வீடுகளைப் பற்றித் தெரிஞ்ச ஆள். நீங்கள் சொன்னா மாமா கேப்பார். ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அன்ரி. நாளைக்கு ஆக்கள் வருகினம்."

அலுவலகத்தில் யாரும் என்னை அனுப்பவில்லை. தெரிந்த பிள்ளை கூப்பிட்டாள், போனேன். அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முழுக்கப் பனி கொட்டியிருந்தது. அன்று காலை மழை தொடங்கியிருந்தது. பனிமேல் மழை பெய்தால் வயல்களிலிருந்து ஒரு வெண்புகை எழும்பும், உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போகும் தனிப்பாதையில் காரைத் திருப்பியபோது முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புகைக்குள்ளிருந்து ஒரு கூரை மட்டும் வெளியே வந்தது. கீழே வீடு இல்லாமல் கூரை தனியே தொங்குவதுபோல இருந்தது. கிட்டப் போகப் போகத்தான் வெள்ளை பூசிய சுவர்கள் புலப்பட்டன. கூரையில் பனி சாம்பல் நிறத்தில், நீர் குடித்துப் பாரமாகக் கிடந்தது. ஒரு இடத்திலும் சரிந்து விழவில்லை.

அந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளில் பெரும்பாலானவை முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி அடுக்கிக் கட்டியவை. இது அப்படியல்ல. வெளிப்பலகைக்குள்ளே ஒரு மரச்சட்டகம் இருந்தது. கருங்கல் அத்திவாரத்தின் மேல் கனத்த தூண்கள், தூணுக்குத் தூண் குறுக்கே ஓடும் தீராந்திகள், மூலைகளில் சாய்வாக முட்டுக்கொடுக்கும் மரங்கள், இடைவெளிகளில் செங்கல். பாரம் தாங்கும் இடங்களில் இரும்பாணியே கிடையாது. தீராந்தியின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, தூணில் தோண்டிய துளைக்குள் செருகி, குறுக்கே ஒரு மரஆணி அறைந்திருப்பார்கள். அந்த நாக்கைத்தான் கழுந்து என்கிறோம். அந்தக் கழுந்துகள்தான் கூரையின் பாரத்தில் சுவர்கள் வெளியே பிரிந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பவை. உடம்பில் மூட்டுகள் இருப்பது போலத்தான். அசைவு இருக்கும். அசைவு இருக்க வேண்டும்.

பெரிய அறைக்குள் போனேன். நாளைக்கான மேசைகள் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, தட்டுகள் வைத்திருந்தார்கள். அத்தனை கதிரைகளும் காலியாக இருக்க, ஒன்றில் மட்டும் ஒரு கிழவர் இருந்தார். மேசைப் பக்கம் பார்த்து அல்ல, முதுகைக் காட்டி, வடக்குச் சுவரைப் பார்த்தபடி. அவர்தான் ஜெனிற்றாவின் மாமனார் ஹல்வோர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அலுமாரியை. தரையிலிருந்து கூரைப்பலகை வரை உயரம். பச்சைச் சாயமும் பூ வேலையும் மங்கிப்போயிருந்தன. அதன் உச்சிக்கு நேர் மேலே நடுத் தீராந்தி வந்து சுவருக்குள் போய் மறைந்தது.

அலுமாரிக்குப் பக்கத்தில் தச்சர் மாரெக் கடப்பாரையுடன் நின்றார். போலந்துக்காரர், நாற்பது வயதிருக்கும், பெரிய உடம்பு. இரண்டு மணித்தியாலமாக நிற்கிறாராம்.

நான் ஒரு கதிரையை எடுத்து ஹல்வோருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். நோர்வீஜிய மொழியில்தான் கதைத்தோம்.

"உள்ளே யார் நிற்பது?" என்று கேட்டேன்.

"மேலே நடக்கிறவன்," என்றார். அயல்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். "காப்பி நேரத்துக்கு நடப்பான். நான் அடுப்பை மூட்டிக் கொஞ்ச நேரத்தில் தொடங்குவான். புகைபோக்கிப் பக்கமிருந்து, எங்கள் தலைக்கு மேலே, இந்தச் சுவர் வரைக்கும். அலுமாரிக்கு மேலே வந்ததும் நின்றுவிடுவான்."

"யாரவர்?"

"தெரியாது. என் தகப்பனுக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதில்லை. வீட்டில் ஒருவன் கூடுதலாக இருந்தான், அவ்வளவுதான். என் மனைவி இருந்தபோது அவனுக்கும் ஒரு கோப்பை வைப்பாள்."

"இப்போது?"

"ஒரு கிழமையாக நடப்பதில்லை. கடைசி நாள் வழக்கம்போல வந்தான். அலுமாரிக்கு மேலே நின்றான். பிறகு ஒரு சத்தம். குதித்தது மாதிரி. அதன் பிறகு இந்தக் கதவு திறக்கவில்லை. மேலேயும் ஒரு சத்தமுமில்லை."

குழந்தையைத் தோளில் போட்டபடி ஜெனிற்றா பின்னால் வந்து நின்றாள். தமிழில் சொன்னாள்:

"எனக்கெண்டால் இப்பதான் நிம்மதி அன்ரி. கலியாணங்கட்டி வந்த நாளிலையிருந்து அந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்தனான். பின்னேரமானா மேலை ஆரோ சப்பாத்தோடை நடக்கிற மாதிரி இருக்கும். போய்ப் பாத்தா தூசியிலை ஒரு அடையாளமும் இராது. இப்ப ஒரு கிழமையா வீடு அமைதி. பிள்ளையும் நல்லா நித்திரை கொள்ளுறாள்."

நடக்கிறவர் யாரென்பது எனக்கு அவள் சொல்லி முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. இப்படிச் சத்தம் போடும் வீடுகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அடுப்பு மூட்டியதும் புகைபோக்கி சூடாகும். அதைத் தொட்டு நிற்கும் மரங்கள் முதலில் சூடாகும், பிறகு அடுத்தவை. ஒவ்வொரு மூட்டும் ஒரு மயிரிழை வழுக்கும்போது ஒரு தட்டுச் சத்தம். தீராந்தி வழியே அது வரிசையாகப் போகும்போது, கீழே இருப்பவருக்கு ஒருவர் நடப்பது போலவே கேட்கும். கடைசித் தூணில் வந்து கழுந்தில் முட்டி நிற்கும்.

வேறொருவராக இருந்தால் இதை விளக்கிச் சொல்லி, எல்லாரையும் சிரிக்கவைத்து, கதவை உடைக்கச் சொல்லியிருப்பார். நான் அப்படிச் செய்யவில்லை. சத்தம் எப்படி வந்தது என்பது சுலபமான கேள்வி. அன்று மத்தியானமும் ஹல்வோர் அடுப்பு மூட்டியிருந்தார். அறை சூடாக இருந்தது. மரங்கள் அதே மரங்கள். அப்படியென்றால் இன்று ஏன் நடக்கவில்லை?

முட்டிக்கொள்ள ஒன்று இருந்தால்தான் மூட்டு சத்தம் போடும். சத்தம் இல்லையென்றால் அந்தத் தீராந்தி இனி எதிலும் முட்டவில்லை.

நான் எழுந்து போய் அலுமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்தேன். அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சாதாரணமாக ஒரு அலுமாரிக் கதவைத் தொட்டால் பலகை தெரியும். இது அப்படியில்லை. இறுகியிருந்தது. பாரமான பெட்டியை ஏந்தி நிற்கிற ஒருவருடைய கையைத் தொட்டிருக்கிறீர்களா? தோலுக்குக் கீழே ஒரு சிறு நடுக்கம் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கம் அந்தக் கதவில் இருந்தது.

கையை எடுக்கப்போனபோது உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மூன்று தரம். மெதுவாக, விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி.

மாரெக் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஜெனிற்றா "இயேசுவே" என்றாள். ஹல்வோர் மட்டும் அசையவில்லை. "சொன்னேனே," என்றார்.

பாரம் தாங்கும் பலகையில் நார் அறுந்தால் அப்படித்தான் கேட்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் கையை நான் அந்தக் கதவில் திரும்ப வைக்கவில்லை.

"ஒருவரும் இதைத் தொடக்கூடாது," என்றேன்.

மாரெக் பரணுக்கு ஏறிப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பொக்கெற்றிலிருந்த பென்சிலால் அலுமாரியின் பக்கவாட்டிலிருந்து சுவர்ப்பலகைக்கு ஒரு கிடைக்கோடு கீறினேன். இரண்டுக்கும் இடையிலிருந்த இடுக்கைத் தாண்டி ஒரே நேர்கோடு. பிறகு எல்லாரையும் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். அது புகைபோக்கிக்கு மற்றப் பக்கம், வேறு தீராந்திகளின் கீழே. ஹல்வோர் வர மறுத்து அங்கேயே இருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போக என்னிடம் அப்போது ஒரு காரணமும் இருக்கவில்லை, ஒரு தட்டுச் சத்தத்தைத் தவிர.

அலுவலகத்துக்கு அழைத்தேன். எனக்கு மேலே இருந்தவர் நல்ல மனிதர், நிதானமானவர். "எதைப் பார்த்தாய்?" என்று கேட்டார். "ஒன்றையும் பார்க்கவில்லை," என்றேன். "எதைக் கேட்டாய்?" "ஒரு கிழமையாக ஒன்றும் கேட்கவில்லையாம்." அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை ஆட்களுடன் போய்ப் பார்க்கலாம் என்றார். அவரில் பிழையில்லை. என் இடத்தில் இருந்து பார்க்காதவருக்கு அது அப்படித்தான் கேட்கும்.

ஜெனிற்றா தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அதை ஆறவிட்டு ஒரு வாய் குடித்துவிட்டுப் பெரிய அறைக்குத் திரும்பினேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஹல்வோர் அதே கதிரையில், அதே பக்கம் பார்த்தபடி இருந்தார். கைவிளக்கை அடித்துப் பார்த்தேன்.

கோடு முறிந்திருந்தது. சுவரில் இருந்த பாதியை விட அலுமாரியில் இருந்த பாதி ஒரு நாணயத்தின் தடிப்பளவு கீழே இறங்கியிருந்தது. இடுக்கும் அகன்றிருந்தது. யாரும் தொடவில்லை. யாரும் அறைக்குள் நடக்கவுமில்லை. ஒரு கிழவர் கதிரையில் சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, அந்தக் கோட்டைக் கீறினேன் என்பதற்காக என்னைப் புத்திசாலி என்று நினைக்காதீர்கள். எனக்கு அது தேவைப்பட்டது மற்றவர்களுக்குக் காட்ட. கதவில் கை வைத்தபோதே எனக்குப் போதுமானது கிடைத்துவிட்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தவற்றைத்தான். ஆபத்தைக் கண்டுபிடிப்பதை விட, கண்டுபிடித்தபின் மனிதர்களை அசைப்பதுதான் கடினம்.

ஜெனிற்றாவிடம் போய்ச் சொன்னேன். "பிள்ளை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போ. இப்பவே."

"அன்ரி, நாளைக்கு..."

"நாளைக்கு இந்த அறைக்குள்ளை ஒருத்தரும் வரேலாது."

அவள் முகம் மாறியது. "மோர்டென்ஸ்ருட்டிலையிருந்து சித்தப்பா ஆக்கள், லண்டனிலையிருந்து பெரியம்மா, எல்லாரும் வருகினம். கேக் வந்திட்டுது. சத்தம் நிண்டிட்டுது எண்டதுக்காக ஆரும் வீட்டை விட்டுப் போவினமே? சத்தம் கேக்கிற காலத்திலை பயந்தனான் எண்டு எல்லாரும் சிரிச்சவை. இப்ப கேக்காததுக்கு ஓடச் சொல்லுறியள்."

"ஓம். ஓடத்தான் சொல்லுறன்."

"சட்டை?"

"சட்டை கிடக்கட்டும்."

அவள் என்னை வெறுப்போடு பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கப் பழகுங்கள். பிறகு குழந்தையைப் போர்த்திக்கொண்டு போனாள். கூப்பிட்டதும் மறுத்துக் கதைக்காமல் வெளியேறியவர் மாரெக் மட்டும்தான்.

ஹல்வோர் எழும்பவில்லை.

அவருக்குக் கோட்டைக் காட்டினேன். விளங்கியது அவருக்கு. அந்த வீட்டில் பிறந்தவர், அதன் மரங்களை என்னை விட நன்றாகத் தெரிந்தவர். "விழட்டும்," என்றார். "அவன் உள்ளே நிற்கிறான். நீ போ. நான் அவனை விட்டுவிட்டு வரமாட்டேன். மனைவி போனபின் இந்தப் பிள்ளைகள் வரும் வரை எனக்கு அவன்தான் துணை."

மேலே எதுவோ நீளமாக முனகியது. கூரைப்பலகையின் இடுக்கிலிருந்து ஒரு கோடாகத் தூசி மேசை விரிப்பின்மேல் இறங்கியது. மிக மெதுவாக, சீனி தூவுவது போல.

உள்ளே யாருமில்லை என்று அவரிடம் வாதாட எனக்கு நேரமிருக்கவில்லை. இருந்திருந்தாலும் வாதாடியிருப்பேனோ தெரியாது. அவருக்கு முன்னால் குந்தி இருந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"ஹல்வோர், அவர் உள்ளே நிற்கிறார் என்றால் சும்மா நிற்கவில்லை. தீராந்தி முழுவதும் அவருடைய தோளில் இருக்கிறது. ஒரு கிழமையாகத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். நாங்கள் இந்த அறைக்குள் இருக்கும் வரை அவரால் அதை இறக்கி வைக்க முடியாது."

அவர் அலுமாரியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது, உண்மையில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். சப்பாத்துப் போட மறந்து, மேல்சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பளிக் காலுறையுடன் பனிக்குள் இறங்கி நடந்தார். வாசலில் நின்று திரும்பி, உள்ளே பார்த்து ஒரு சொல் சொன்னார். "தக்." நன்றி என்று.

முற்றத்துக்கு அப்பால் பழைய களஞ்சியம் இருந்தது. அதன் வாசலில் நின்றோம். மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. சாளரம் வழியே வெள்ளை விரிப்புகளும் வரிசையான தட்டுகளும் தெரிந்தன. யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருப்பது போல.

ஒன்றும் நடக்கவில்லை.

தீயணைப்புப் படைக்கு அழைத்திருந்தேன். பாதை வழுக்குகிறது, நேரமாகும் என்றார்கள். குழந்தை அழத்தொடங்கியது. ஜெனிற்றா காருக்குள் இருந்து என்னைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் என் கழுத்துக்குள் இறங்கியது. அந்த நேரத்தில் எனக்குள் வராத சந்தேகமில்லை. ஒரு நாணயத் தடிப்பு. அலுமாரி வெப்பத்தில் நெளிந்திருந்தால்? ஒரு ஞானஸ்நானத்தைக் குழப்பிவிட்டு, வயதான மனிதரைக் காலுறையோடு பனியில் நிறுத்திவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு பூசைக்குப் போவேன்?

அப்போதுதான் மாரெக் என் தோளைத் தட்டினார். "என் வாகனத்தில் இரும்பு முட்டுகள் இருக்கின்றன," என்றார். "பத்து நிமிடம் தாருங்கள். தீராந்திக்குக் கீழே இரண்டு வைத்தால் வீடு தப்பும். நானே போகிறேன், ஒருவரும் வர வேண்டாம்."

அவர் அந்த வேலையை நன்றாகத் தெரிந்தவர். முட்டு வைத்திருந்தால் வீடு உண்மையாகவே தப்பியிருக்கலாம். வீடு தப்பினால் நாளைய விருந்து தப்பும், சட்டை தப்பும், என் பெயரும் தப்பும். எனக்குச் சரியென்று சொல்ல வாய் வந்தது.

"இல்லை," என்றேன்.

"ஏன்?"

"வெளியே வந்தாயிற்று. இனி உள்ளே காப்பாற்ற ஒருவரும் இல்லை."

அவர் கோபத்தோடு ஏதோ போலந்து மொழியில் சொல்லிவிட்டு தன் வாகனத்துக்குப் போனார். முட்டுகளை எடுத்துவிடுவாரோ என்று பயந்து பின்னாலேயே போய் அவருக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றேன். என்னை விட இரண்டு மடங்கு மனிதர். ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இருவரும் மழையில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றோம். என் வேலைக் காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் கடினமானது அதுதான், ஆட்களை வெளியே எடுத்தது அல்ல.

அவருடைய கண்கள்தான் முதலில் என் தலைக்கு மேலாகப் போயின.

நான் திரும்பினேன். பெரிய சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள், அப்படி வரவில்லை. வீடு மூச்சு விட்டது போல இருந்தது. பெரிய அறையின் விளக்குகள் அணைந்தன. கூரையின் முகடு நடுவில் மெல்லக் குழிந்தது. வடக்குச் சுவர் வெளியே சாய்ந்தது. அதன் பிறகுதான் பனியும் பலகையும் செங்கல்லும் ஒன்றாக உள்ளே போன இரைச்சல் வந்தது. அது முடிந்தபின் முற்றத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. புகைபோக்கியும் சமையலறைப் பக்கமும் அப்படியே நின்றன. சமையலறையில் வெளிச்சம் கூட எரிந்துகொண்டிருந்தது. மேசையில் என் தேத்தண்ணிக் கோப்பை சாளரம் வழியே தெரிந்தது.

மாரெக் என் கையைப் பிடித்தார். பிறகு அதை நெடுநேரம் விடவில்லை.

ஞானஸ்நானம் மறுநாள் நடந்தது. கடையில் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு. விருந்து கோயில் மண்டபத்தில்.

கிழமைக் கணக்கில் இடிபாட்டை அகற்றினோம். முன்பு எப்போதோ குளிருக்காகச் சுவருக்குள் பிளாஸ்ரிக் தாள் வைத்து அடைத்திருந்தார்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் வடக்குத் தூணின் தலை ஊறிப்போன பாண் துண்டு மாதிரி மெத்தென்று இருந்தது. கழுந்து துளையை விட்டு முழுதாகக் கழன்று வந்திருந்தது. ஒரு கிழமையாக அந்தத் தீராந்தியையும், பரணில் பாதியையும், கூரைப் பனியையும் ஏந்தி நின்றது அலுமாரி ஒன்றுதான். அதன் பலகை என் விரல் தடிப்புக் கூட இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு இளம் பொறியியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அலுமாரி முதல் மணித்தியாலமே நொறுங்கியிருக்க வேண்டும் என்று வந்தது. திரும்பப் போட்டார். திரும்பவும் அதேதான் வந்தது. ஏதோ ஒரு பாரத்தைக் கூடுதலாகக் கணக்கிட்டுவிட்டோம் என்று சொல்லி மூடிவைத்தோம். அப்படித்தான் இருக்கும்.

கோடையில் திரும்பக் கட்டினார்கள். புதிய தூண், புதிய தீராந்தி, பழைய முறையிலேயே. கழுந்தைப் பொருத்தும் நாளில் என்னைப் பார்வையிடக் கூப்பிட்டார்கள். நான் பார்த்த கடைசி வேலைகளில் ஒன்று. மாரெக் துளைக்குள் கழுந்துக்கு ஒரு மயிரிழை இடம் விட்டுச் செதுக்கியிருந்தார். இல்லாவிட்டால் இரும்புத் தகடும் திருகாணியும் போட்டு அசையாமல் இறுக்கலாம். இரண்டும் பலமானவைதான். வீட்டுக்காரி எதைக் கேட்கிறாளோ அதைச் செய்வோம் என்றார்.

ஜெனிற்றா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து கேட்டாள். "இறுக்கினா என்ன நடக்கும் அன்ரி?"

"ஒரு சத்தமும் வராது."

"இடம் விட்டா?"

"பின்னேரத்திலை நடக்கும்."

அவள் தீராந்தியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் இறுக்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அந்த உரிமையும் இருந்தது.

"நடக்கட்டும்," என்றாள். "நிண்டா எனக்குத் தெரிய வேணும்."

மாரெக் மரஆணியை அறைந்தார். ஜெனிற்றா இன்னும் போகாமல் நின்றாள்.

"அன்ரி, ஒண்டு கேக்கட்டே? மாமாவுக்கு நீங்கள் அண்டைக்குச் சொன்னது... அவரை வெளியிலை எடுக்கத்தானே சொன்னனீங்கள்? இல்லாட்டி உள்ளுக்கை ஆரோ நிண்டது எண்டு உங்களுக்கும்...?"

உங்களில் சிலரும் இதே கேள்வியைக் கேட்கப்போகிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நான் அந்தக் கதவில் கை வைத்தேன். உள்ளே பாரம் இருந்தது. அதற்கு நான் கையொப்பம் வைப்பேன். அந்தப் பாரத்தைத் தாங்கி நின்றது பலகைதானா என்று கேட்டால், அந்த இடத்தில் பேனையை மூடி வைத்துவிடுவேன்.